எந்த அருவி, மருமவனே?

மருமவனே, நீ எழுதுன புரோகிராம் கம்ப்யூட்டரோட மேக் அட்ரஸக் கண்டுபிடிச்சிட்டுதாமே! உங்க அம்மை தெரு பூராவும் சொல்லிக்கிட்டுத் திரியுதா. ரொம்ப சந்தோசம். இனி அந்தப் புரோகிராமுக்கு ஆய்க்குடிப் பக்கம் நல்ல எடமாப் பாத்துக் கெட்டி வைக்கதுதான் பாக்கி.

மூஞ்சியத் தூக்காத. ‘கம்பத்துல ஏறி எறங்குன லைன்மேனு, இந்த மாமாவுக்கு என்ன எளவு தெரியும்’னு நீ நெனைக்க. நெனைச்சுக்கோ. பிராட்பேண்ட் வந்த புதுசுல, மோடத்தைக் குப்புறக் கவுத்தி, அடியில ஒட்டியிருக்க சீட்டுல இருந்து பன்னெண்டு எழுத்தையும் வெயில்ல கண்ணச் சுருக்கி வாசிச்சு எக்ஸ்சேஞ்சுக்குப் போன்ல சொன்னவன் நான். ஒருநாள் ‘ஓ’ன்னு ஒரு எழுத்தச் சொல்லிட்டேன். அந்தப் பக்கம் இருந்த ஜேடிஓ அம்மா சிரிச்சிட்டாவ. “அண்ணாச்சி, அதுல ஓ கெடையாது, அது பூச்சியம். எழுத்துன்னு பாத்தா ஏயிலருந்து எஃப் வரைக்கும் ஆறே ஆறுதான்”ன்னாவ. அன்னைக்குப் படிச்ச பாடம். அதுக்கு மேல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உன்ன மாதிரி பையன்மாரு பேசிக்கிட்டிருக்கப்ப டீக்கடையில காதக் குடுத்துக் கேட்டதுதான்.

சரி, வெவரத்துக்கு வாரேன். மேக் அட்ரஸ்ங்கிறது நெட்வொர்க் கார்டு பொறக்கும்போதே கம்பெனிக்காரன் அதுக்குள்ள எழுதி வைக்குத நம்பர். 48 பிட்டு. ரெண்டு ரெண்டு எழுத்தா ஆறு ஜோடி. மொத மூணு ஜோடி கம்பெனியோட அடையாளம்; ஐஇஇஇ-ன்னு அமெரிக்காவுல ஒரு பொறியாளர் அமைப்பு இருக்கு, அங்க காசு கெட்டி வாங்கணும். பின்னால மூணு ஜோடிய கம்பெனி தன் இஷ்டத்துக்கு வரிசையாப் போட்டுக்கிடும். ஒருதடவை வாங்குன அடையாளத்துக்கு 1,67,77,216 கார்டு வரைக்கும் நம்பர் போடலாம். மொத்தம் எத்தனைன்னு கேட்டா 281 லட்சம் கோடிக்கு மேல. அத்தனை இருந்தும் உன் புரோகிராமு தப்பான நம்பரத்தான் எடுத்துச்சுன்னா, அதுக்கு ஒரு தெறமை வேணும்லா?

இந்த வித்தை எங்கயோ வெள்ளக்காரன் ஊரு சமாச்சாரம்னு நெனைச்சிராத. தென்காசிலருந்து கடையம் போற ரோட்டுல மத்தளம்பாறையில ஜோஹோ ஆபீஸ் இருக்கே, 2011லருந்து இருக்கு. அந்தக் கம்பெனி 1996ல அட்வென்ட்நெட்டுன்னு ஆரம்பிச்சப்ப மெயிலும் விக்கல, கணக்கு மென்பொருளும் விக்கல. நெட்வொர்க்குல எந்தப் பெட்டி உசிரோட இருக்கு, எது செத்துக் கெடக்குன்னு பாக்குத கருவி எழுதத்தான் மென்பொருள் வித்தாவ. எஸ்என்எம்பி-ன்னு அதுக்கு ஒரு மொழி உண்டு. அதுல ஒரு பெட்டிகிட்ட “உன் மேக் அட்ரஸ் என்ன”ன்னு கேக்கணும்னா, 1.3.6.1.2.1.2.2.1.6-ன்னு ஒரு எண்ண அனுப்பணும். மனப்பாடமாச் சொல்லுதேன், எழுதிக்கோ. 1988ல வகுத்த வகை. ரூட்டரு, சுவிட்சு, பிரிண்டரு எதுகிட்டயும் இன்னைக்கும் அப்படித்தான் கேக்கான். இதுல நீ கவனிக்க வேண்டியது ஒண்ணு உண்டு. அந்த எண்ணு ஒரு அட்டவணையோட ஆறாவது பத்தியக் குறிக்கு. பத்தின்னா அதுக்குக் கீழ வரிசை வரிசையா நிக்கும். ஒரு பெட்டிக்கு ஒரு அட்ரஸ்தான்னு வகுத்தவனே நெனைக்கல. நீ மட்டும் எங்கருந்து மருமவனே அப்படி ஒரு நெனைப்புக்கு வந்த?

குத்தாலத்துக்கு வந்து பஸ்ஸ விட்டு எறங்குத ஆளு, “ஐயா, அருவி எங்க?”ன்னு கேட்டா நாம என்ன சொல்லுவோம்? எந்த அருவின்னு திருப்பிக் கேப்போம். பேரருவியா, ஐந்தருவியா, பழைய குத்தாலமா, புலியருவியா, சிற்றருவியா? மேல ஏறித்தான் தீருவேன்னா செண்பகா, தேனருவின்னு இன்னும் கெடக்கு. நீ எழுதுன புரோகிராமு கம்ப்யூட்டருகிட்ட “அட்ரஸ் என்ன”ன்னு கேக்கு. அது நம்மள மாதிரி திருப்பிக் கேக்காது. கைக்கு மொதல்ல எது தட்டுப்படுதோ அத எடுத்து நீட்டிட்டு, உன்ன ஐந்தருவிக்குப் பதிலா புலியருவிக்கு அனுப்பிரும். நீயும் துண்ட இடுப்புல கெட்டிக்கிட்டு சந்தோசமாப் போய் நிப்ப.

உன் லேப்டாப்பையே எடுத்துக்கோயேன். ஒயரு சொருகுத ஈதர்நெட் ஒண்ணு, வைஃபை ஒண்ணு, புளூடூத் ஒண்ணு. விண்டோஸ்ல வைஃபை டைரக்ட்னு கண்ணுக்குத் தெரியாம ரெண்டு மறைஞ்சு நிக்கும். சோதனைக்குன்னு வர்ச்சுவல்பாக்ஸ் போட்டிருக்கல்லா, அது 0ஏ-00-27ன்னு ஆரம்பிக்கிற ஒரு கார்டுப் பேரச் சொல்லும். விஎம்வேர் போட்டவனுக்கு 00-50-56. இதுல எதையும் கடையில போய் யாரும் வாங்கல, மென்பொருளே உண்டாக்கிக்கிட்டது. ஆபீஸ் விபிஎன் போட்டா அதுக்குன்னு இன்னொண்ணு. கம்ப்யூட்டர் தனக்குத்தானே பேசிக்கிடுத லூப்பேக்கும் வரிசையில வந்து நிக்கும், லினக்ஸ்ல பாத்தா அதோட அட்ரஸ் பூராவும் பூச்சியம். இன்னைக்கு வைஃபைய அணைச்சு வச்சிருக்க, நாளைக்குப் போடுவ, பட்டியலு மாறும். சாரல் இல்லாத மாசத்துல சிற்றருவி வத்திக் கெடக்கதப் பாத்துட்டு ‘இங்க அருவியே இல்ல’ன்னு எழுதுனவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?

விண்டோஸ்ல ‘கெட் அடாப்டர்ஸ் அட்ரஸஸ்’னு ஒரு அழைப்பு இருக்கு. அதுக்கு எத்தனை எடம் ஒதுக்கணும்னு உனக்கு முன்கூட்டித் தெரியாது. மொதல்லயே 15 கிலோபைட் ஒதுக்கிக்கிட்டுக் கூப்பிடுன்னு மைக்ரோசாஃப்டே எழுதி வச்சிருக்கான். திரும்பி வருத பட்டியல்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு வகை எண்ணு இருக்கும்: 6ன்னா ஈதர்நெட், 71ன்னா வைஃபை, 24ன்னா லூப்பேக். அந்த எண்ணப் பாக்காம மொத ஆளையே புடிச்சு இழுத்துட்டு வந்தியே, அங்கதான் கோளாறு. நீளத்தையும் பாரு. ஆறு பைட்டு இல்லாம வருத சவமும் உண்டு, வெறும் பூச்சியமா நீளம் வருததும் உண்டு.

லினக்ஸ்ல இன்னும் லேசு. சிஸ், கிளாஸ், நெட்னு அடுத்தடுத்து உள்ள போனா ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு அடைவு. அதுக்குள்ள ‘அட்ரஸ்’னு ஒரு கோப்பு. தெறந்து வாசிச்சா முடிஞ்சுது, சி நிரல்ல சாக்கெட்டு தெறந்து ஐஆக்டில் அழைக்க வேண்டிய சோலி கூட இல்ல. ஆனா அது பக்கத்துலயே ‘அட்ர் அசைன் டைப்’னு இன்னொரு கோப்பு இருக்கு, அத ஒரு பயலும் தெறக்க மாட்டான். அதுல 0ன்னு இருந்தா பொறந்தப்ப வச்ச நம்பர். 1ன்னா ஏதோ குலுக்கிப் போட்டது. 3ன்னா யாரோ கைய வச்சு மாத்திருக்கான். கம்ப்யூட்டரே “ஐயா, இது நெசப் பேரு இல்ல”ன்னு எழுதிக் குடுக்கு. படிக்க ஆளு இல்ல.

இப்ப உன் பைத்தானுக்கு வாரேன். ‘யூயூஐடி’ங்கிற தொகுப்புல ‘கெட்நோட்’னு ஒரே ஒரு வரி. அதத்தான போட்ட? அத நான் கொற சொல்லல, அது என்ன செய்யும்னு நீ படிச்சியா, அதான் கேள்வி. கார்டு நெறைய இருந்தா எதையாவது ஒண்ணக் குடுக்கும். பைத்தான் 3.7லருந்து, கம்பெனி வச்ச நம்பரா இருந்தா அதுக்கு மொதல் மரியாதை. எதுவுமே ஆப்புடலன்னா என்ன செய்யும்? “தெரியல மாமா”ன்னு சொல்லாது. 48 பிட்டுக்கு ஒரு எண்ணக் குலுக்கி எடுத்து, கூசாம உன் கையில குடுத்துரும். அடுத்ததடவை புரோகிராம் ஓடும்போது வேற எண்ணு. நீ அத ஃபைல்ல எழுதி, பூட்டும் போட்டு, சாவியயும் அதுலயே செஞ்சு வச்சிருப்ப.

ஆனா குலுக்குனவன் யோக்கியன். அந்தப் பொய் எண்ணுல ஒரு அடையாளம் வச்சுத்தான் குடுக்கான். மொத ஜோடியில ரெண்டாவது எழுத்தப் பாரு. அது ஒத்தப்படையா இருந்தா, ஒரு கார்டுக்கு வைக்குத அட்ரஸே இல்ல அது. கூட்டத்துக்கு மொத்தமாக் கூப்பிடுத அட்ரஸ். எந்தக் கம்பெனியும் கார்டுக்கு அப்படி வைக்காது. அதுனால கெட்நோட் குடுக்குத பொய் எண்ணு எப்பவும் ஒத்தப்படை. அதே ரெண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இந்த நாலுல ஒண்ணா இருந்தா, உள்ளூருல யாரோ வச்ச பேரு, ஐஇஇஇ-க்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இப்பவே உன் போன எடுத்து, வைஃபை வெவரத்துல பாரு. பாத்தியா? சொல்லாத, மூஞ்சியிலயே தெரியுது.

இன்னொரு கூத்தும் உண்டு. கெட்நோட் குடுக்கது ஒரே எண்ணு. அத ஹெக்ஸா மாத்தும்போது பன்னெண்டு எடம்னு அழுத்திச் சொல்லலன்னா முன்னால நிக்க பூச்சியம் காணாமப் போயிரும். 08ன்னு ஆரம்பிக்க வேண்டியது 8ன்னு ஆரம்பிச்சு, அப்புறம் ரெண்டு ரெண்டா வெட்டுனா எல்லா ஜோடியும் ஒரு எழுத்து தள்ளிப் போவும். ஜாவாக்காரன் கதை அதவிட மோசம். 2006ல வந்த ஜாவா 6லதான் ‘கெட் ஹார்ட்வேர் அட்ரஸ்’னு ஒண்ணக் குடுத்தான்; அதுக்கு முன்னால பாவம், ‘ஐபிகான்ஃபிக்’க ஓட விட்டு அது கக்குதத வெட்டி வெட்டி எடுத்தானுவ. ஜாவாவுல பைட்டுன்னா −128லருந்து 127 வரைக்கும். 200ன்னு வர வேண்டியது −56ன்னு வரும். அத அப்படியே ஹெக்ஸா மாத்துனா முன்னால ஆறு எஃப் தொத்திக்கிட்டு வந்து நிக்கும். அத மேக் அட்ரஸ்னு கஸ்டமருக்கு மெயில்ல அனுப்புன ஒரு பையனயும் எனக்குத் தெரியும். பேரு வேண்டாம், அவனுக்கு இப்பதான் பொண்ணு பாத்துக்கிட்டிருக்காவ.

உனக்கு ஒரு ஆறுதலும் சொல்லணும்லா. ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரே அட்ரஸ்னு நீ நெனைச்சது கிறுக்குத்தனம் இல்ல. இந்த 48 பிட்டு ஏற்பாட்ட 1981ல கட்டுரையா எழுதுனவிய ரெண்டு பேரு: யோகன் தலால், ராபர்ட் பிரிண்டிஸ். தலால் நம்ம நாட்டுக்காரரு, பம்பாய் ஐஐடியில படிச்சவரு. 1974ல டிசிபி-யோட மொத வரையறை வந்துச்சே, அதுல விண்ட் செர்ஃப் கூட கையெழுத்துப் போட்டவியள்ல இவரும் ஒருத்தரு. ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல ஈதர்நெட்டு பொறந்தப்ப அட்ரஸுக்கு வச்சது எட்டே பிட்டு; 256 பெட்டிக்கு மேல போவாது. 1980ல டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூணு கம்பெனியும் சேந்து வரையறை போட்டப்ப 48 ஆச்சு. தலால் கூட்டம் எழுதுனது கார்டுக்கான நம்பர் இல்ல, கம்ப்யூட்டருக்கான நம்பர். அது எத்தனை நெட்வொர்க்குல கால வச்சாலும் பேரு ஒண்ணுதான்னு அவிய எண்ணம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் அதக் கேட்டு நடந்தான். சன் பெட்டியில எத்தனை கார்டு சொருகுனாலும் எல்லாத்துக்கும் ஒரே அட்ரஸ், பெட்டிக்குள்ள இருக்க சின்னச் சில்லுல இருந்து எடுத்துக் குடுக்கும். மத்த ஒலகம் கேக்கல. கார்டு விக்கவன் கார்டுக்குத்தான் நம்பர் போட்டான், அவன் சோலி அது. நீ நாப்பது வருசம் முந்திப் பொறந்து சன் பெட்டியில நிரல் எழுதியிருந்தா உன் புரோகிராம் சரியா ஓடியிருக்கும்.

இப்ப அந்த லாட்ஜு கதைக்கு வருவமா? ஐந்தருவி ரோட்டுல ஒரு லாட்ஜுக்கு பில்லு போடுத புரோகிராம் எழுதிக் குடுத்த. நல்லாத்தான் எழுதியிருந்த, ரூம் வாடகை, கூடுதல் பாய், ஜிஎஸ்டி எல்லாம் கணக்கா வந்துச்சு. ஆனா உனக்கு ஒரு பயம். பக்கத்து லாட்ஜுக்காரன் பென்டிரைவுல அள்ளிக்கிட்டுப் போயிருவானோன்னு. அதுனால மேக் அட்ரஸப் பாத்து, அதே கம்ப்யூட்டருன்னாதான் தெறக்கணும்னு பூட்டுன.

ஆடி மாசம். சாரல் பிச்சுக்கிட்டு அடிக்கி. பேரருவியில தண்ணி கூடிப் போச்சு, குளிக்கத் தடைன்னு சொல்லிட்டான். குளிக்க வந்த கூட்டம் பூரா ரூமக் காலி பண்ணணும்னு வரவேற்புல வந்து நிக்கி. மழையில கேபிள் அறுந்து நெட்டு இல்ல. மேனேஜரு என்ன செஞ்சாரு, ஈதர்நெட்ட உருவிட்டு, தன் போன யூஎஸ்பி ஒயருல சொருகி அதுலருந்து நெட்டு எடுத்தாரு. உன் புரோகிராமு புதுசா ஒரு கார்டப் பாத்துச்சு. அதோட நம்பரப் படிச்சுச்சு. “இந்தக் கணினிக்கு உரிமம் இல்லை”ன்னு செவப்பு எழுத்துல போட்டுட்டு, வாயப் பொத்திக்கிட்டு உக்காந்துருச்சு. மேனேஜரு கையால பில்லு எழுதுனாரு. எழுதும்போது உன்னப் பத்திச் சொன்னத நான் இங்கன சொல்ல முடியாது, பொம்பளையாளுவ இருக்காவ.

சரி, கள்ளனையாவது உன் பூட்டு நிப்பாட்டுமா? விண்டோஸ்ல கார்டோட பண்புகளத் தெறந்தா ‘நெட்வொர்க் அட்ரஸ்’னு ஒரு கட்டம் பல கார்டுல இருக்கும். வேணும்ங்கிற நம்பர அடிச்சுட்டு ஓகே குடுத்தாப் போதும். லினக்ஸ்ல ஒரே வரிக் கட்டளை. பத்தாங்கிளாஸ் படிக்க பையன் செய்வான். நம்ம ஊருல கேபிள் நெட்காரங்க ரூட்டரோட மேக்கப் பதிஞ்சு வச்சுக்கிடுதாவல்லா, புது ரூட்டர் வாங்குனா “அண்ணாச்சி, மேக்க மாத்தி விடுங்க”ன்னு போன் போட்டுக் கெஞ்சணும். வெவரமானவன் கெஞ்ச மாட்டான். ரூட்டர் செட்டிங்ல ‘மேக் குளோன்’னு ஒரு பொத்தான் இருக்கு, அத அமுக்கி பழைய நம்பரையே புதுசுக்குப் போட்டுட்டு காலாட்டிக்கிட்டு படம் பாப்பான். ரூட்டர் கம்பெனிக்காரனே அந்தப் பொத்தான வச்சு விக்கான். உன் பூட்டு நல்ல மேனேஜரத்தான் மழையில நிக்க வச்சுது.

ஒண்ணப்போல ஒண்ணு இருக்காதுன்னும் நம்பாத. டாக்கர்னு ஒண்ண வச்சு வெளையாடுதியே, அது ரொம்ப காலமா 02-42ன்னு ஆரம்பிச்சு, மீதி நாலு ஜோடிக்கு ஐபி முகவரியவே போட்டு மேக் அட்ரஸ் செஞ்சுது. ஐபி 172.17.0.2ன்னா மேக் 02-42-ஏசி-11-00-02. ஒலகத்துல எத்தனை கம்ப்யூட்டர்ல மொதக் கண்டெய்னர் ஓடுச்சோ அத்தனையிலயும் இதே நம்பர்தான் இருந்துச்சு. உன் உரிமத்த ஒருத்தனுக்கு வித்தா ஊருக்கே வித்த மாதிரி.

போன வாரம் நீ இன்னொண்ணு கேட்டியாம்: வெப்சைட்டுக்கு வாரவனோட மேக் அட்ரஸ சர்வர்ல எப்படி எடுக்கதுன்னு. எடுக்க முடியாது. மேக் அட்ரஸ் அந்தத் தெருவத் தாண்டாது. மொத ரூட்டர்லயே பழைய உறையக் கிழிச்சுப் போட்டுட்டு புது உறை போட்டுத்தான் அனுப்புவான். பிரவுசர்ல ஜாவாஸ்கிரிப்டுக்கும் அத வாசிக்க வழி வைக்கல. ஒரே நெட்வொர்க்குல இருக்க பெட்டின்னா ஏஆர்பி-யில கேக்கலாம், 1982லருந்து இருக்க வழி. அதுக்கு மேல ஆளு தானாச் சொன்னாத்தான் உண்டு. ஏஞ்சல் ஒன் தரகு நிறுவனத்தோட ஸ்மார்ட் ஏபிஐ-யில பங்கு ஆர்டர் போடுததுக்கு, கோரிக்கையோட தலைப்புல மேக் அட்ரஸும் சேத்து அனுப்பணும்னு இருக்கு. அனுப்புத. நீ என்ன எழுதி அனுப்புதியோ அதுதான் அங்க போய்ச் சேரும். ஒயரு வழியாச் சரி பாக்க யாருக்கும் வழி இல்ல.

போன்ல இந்த வேலையே வேண்டாம். ஆப்பிள்காரன் 2013ல ஐஓஎஸ் 7லயே கதவச் சாத்திட்டான். எந்த ஆப்பு கேட்டாலும் 02-00-00-00-00-00ன்னு ஒரே பதில். 2015ல ஆண்ட்ராய்டு 6லயும் அதே பதில். நீ அதப் பாத்துட்டு “மாமா, எல்லா போனுக்கும் ஒரே மேக் அட்ரஸ் வருது, பக்”குன்னு ஓடி வந்தியே! பக்கு இல்லல, அது கும்புடு போட்டு வெளிய அனுப்புத மரியாதை. அப்புறம் 2019ல ஆண்ட்ராய்டு 10, 2020ல ஐஓஎஸ் 14. ஒவ்வொரு வைஃபைக்கும் ஒவ்வொரு பொய்ப் பேரு, தானாவே.

ஏன் இப்படி மறைக்கானுவன்னு கேளு. 2013ல லண்டன் சிட்டியில விளம்பரக் கம்பெனி ஒண்ணு தெருக் குப்பைத் தொட்டிக்குள்ள கருவிய வச்சு, நடந்து போறவிய போன் எல்லாத்தோட மேக் அட்ரஸையும் குறிச்சுது. யாரு எந்நேரம் எந்த வழியாப் போறான், மறுபடி எப்ப வாரான்னு கணக்கு. விசயம் வெளிய வந்ததும் நகர நிர்வாகம் நிப்பாட்டச் சொல்லிட்டு. குப்பைத் தொட்டிக்குப் பயந்து நடக்க வேண்டிய காலம். அதுக்கும் முந்தி, 1999 மார்ச்சுல மெலிசான்னு ஒரு வைரஸ் மெயில்ல பரவுச்சு. அந்தக் காலத்து வேர்டு கோப்புக்குள்ள ஒரு அடையாள எண்ணு இருக்கும், அதுக்குள்ள எழுதுன கம்ப்யூட்டரோட மேக் அட்ரஸ் ஒளிஞ்சிருக்கும். அந்த வைரஸ எழுதுன டேவிட் ஸ்மித்துங்கிற ஆளப் புடிக்க அதுவும் ஒரு தடயமாச்சு. 2002ல 20 மாசம் உள்ள போனான். கள்ளன் மாட்டுனது நல்லதுதான். ஆனா அதே வேர்டுல லவ் லெட்டர் அடிச்சவன் நம்பரும் அதுக்குள்ள கெடந்துதுல்லா?

மேக் அட்ரஸ எடுக்கவே எடுக்காதன்னு நான் சொல்லல. அதுக்குன்னு சோலி இருக்கு. ஆபீஸ்ல எத்தனை பெட்டி, எது எந்த சுவிட்சுல சொருகியிருக்குன்னு கணக்கெடுக்க வேணும். ஒரு பிரிண்டருக்கு எப்பவும் ஒரே ஐபி குடுக்க ரூட்டர்ல எழுதி வைக்க வேணும். தூங்குத கம்ப்யூட்டர தூரத்துலருந்து எழுப்பணும்னா ஆறு எஃப்எஃப்ப முன்னால வச்சு, பின்னால மேக் அட்ரஸ பதினாறு தடவை சொல்லணும், மொத்தம் 102 பைட்டு. அதுக்கெல்லாம் எடு. எடுக்கும்போது எல்லாக் கார்டையும் பட்டியலாக் காட்டி, எதுன்னு ஆளத் தேர்ந்தெடுக்கச் சொல்லு. நீயே தேர்ந்தெடுத்துத்தான் ஆகணும்னா, வெளிய போற பாதை எந்தக் கார்டு வழியாப் போவுதுன்னு ரூட்டிங் அட்டவணையப் பாத்து எடு. அது விபிஎன்னா இருக்கலாங்கிறதையும் நெனைப்புல வச்சுக்கோ.

பூட்டுக்கு மட்டும் அது ஆவாது. புரோகிராம நிறுவும்போது நீயே 128 பிட்டுக்கு ஒரு எண்ணக் குலுக்கி எடுத்து எழுதி வை. உரிமக் கோப்புல உன் ரகசியச் சாவியால கையெழுத்துப் போட்டுக் குடு. மாத்துனா தெரிஞ்சு போவும். பெட்டியத்தான் அடையாளம் காணணும்னா லினக்ஸ்ல ‘மெஷின்-ஐடி’ன்னு 32 எழுத்துல ஒரு கோப்பு இருக்கு, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில ‘மெஷின் ஜியூஐடி’ இருக்கு. அதையும் அப்படியே வெளிய அனுப்பாத, உன் புரோகிராமோட பேரையும் சேத்து ஹேஷ் போட்டுக்கோ. உரிமம் சரியில்லன்னு தெரிஞ்சாலும் பில்லு அடிக்கத நிப்பாட்டாத. மஞ்ச எழுத்துல சொல்லிட்டு ஒரு வாரம் டயம் குடு. திருட்டுப் பய ஒரு வாரம் பில்லு அடிச்சா உனக்கு என்ன குடி முழுகிரும்?

கடைசியா ஒண்ணு. லாட்ஜுக்குத் தங்க வாரவிய போன் வைஃபையில சேந்த உடனே அவிய மேக் அட்ரஸயும் பேரையும் சேத்து ஒரு ஃபைல்ல எழுதுதியாமே, அடுத்த சீசனுக்கு வந்தா அடையாளம் காணுததுக்கு. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருத்தர அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தரவையும் தனிநபர் தரவுன்னுதான் சொல்லுது. போன் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய்ப் பேரு வச்சுக்கிடுத காலத்துல அந்த ஃபைலால உனக்கு வருத லாபமும் கொஞ்சம்தான். அழிச்சிரு. வச்சுத்தான் ஆகணும்னா, எதுக்கு எடுக்கோம், எப்ப அழிப்போம்னு தமிழ்ல பெருசா எழுதி, வரவேற்பு மேசையில ஒட்டச் சொல்லிரு மருமவனே.